மரையும் பின்னும்

காரைக்குடி
ஞாயிறு இரவு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு, அப்புறம் சொல்கிறேன். பேரன் பள்ளிக்கூடம், பனி, காலை நடை என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய் பார், என் மனசு அங்கேயே நின்றுவிட்டது. இங்கிருந்து துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போன பித்தளை மேஜை விளக்குக்கு அங்கே எந்தக் கடையிலும் பல்பு கிடைக்கவில்லையாமே! முப்பது வருஷம் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் எழுதுகிற வரியா இது? உன் விளக்கில் இருப்பது நம்ம ஊர் பின் ஹோல்டர், பல்பை அழுத்தித் திருப்பி மாட்டுகிற ரகம். அமெரிக்காவில் வீட்டு விளக்கென்றால் திருகித் திருகி ஏற்றுகிற மரைதான். கடைக்காரன் உன்னை வேற்றுக்கிரகவாசி மாதிரி பார்த்திருப்பான்.

அதுவும் நீ இருக்கிற ஊர் எது? எடிசன், நியூ ஜெர்சி. 1954 வரை அதற்கு ராரிட்டன் என்று பெயர். தாமஸ் எடிசன் பல்பு செய்த மென்லோ பார்க் உன் மகன் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிஷம் கூட இருக்காது. அங்கே 1938-இல் திறந்த நினைவுக் கோபுரம் இருக்கிறது, உச்சியில் 13 அடிக்கு மேல் உயரமான கண்ணாடி பல்பு. ஒரு சனிக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வா. பழைய பரிசோதனைக் கூடத்தைத் தேடாதே. அதை ஹென்றி ஃபோர்டு மிச்சிகனில் டியர்பார்னில் திரும்பக் கட்டி வைத்துக்கொண்டார்.

சரி, தாமதத்துக்குக் காரணம். உன் கடிதம் வந்த மறுநாள் முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் போயிருந்தேன். பழைய சாமான் கடைகளில் நுழைந்தால் நான் சீக்கிரம் வெளியே வரமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். ஒரு பெட்டியில் உடைந்த பீங்கான் சுவிட்சுகளுக்கு நடுவே ஒரு பித்தளை ஹோல்டர் கிடந்தது. கழுத்தில் சின்னச் சாவி மாதிரி ஒரு திருகு. சுவரில் சுவிட்சு இல்லாத காலத்தில் விளக்கின் கழுத்தைத் திருகித்தான் ஏற்றி அணைத்திருக்கிறார்கள். உள்ளே பீங்கான், இரண்டு பக்கமும் பின் விழுகிற வெட்டு. ஏதோ ஒரு செட்டியார் வீட்டில், மரப்பட்டைக்குள் வயர் ஓடுகிற பழைய கேசிங் கேப்பிங் வயரிங்கைப் பிடுங்கும்போது வந்திருக்கும். இருநூறு சொன்னான், நூற்றைம்பதுக்கு முடிந்தது. வீட்டில் வசவு தனி. அதைப் பிரித்துச் சுத்தம் பண்ணி, இது எங்கிருந்து இப்படி வந்தது என்று பழைய நோட்டையும் புத்தகங்களையும் கிளறிக்கொண்டு இருந்ததில் பத்து நாள் ஓடிவிட்டது.

1879 கடைசியில் மென்லோ பார்க்கில் பல்பு எரிந்ததை எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பல்பு எதில் நின்றது என்று கேட்டுப் பார், பேச்சையே காணோம். முதலில் ஹோல்டர் என்றே ஒன்று இல்லை. பல்பிலிருந்து வரும் இரண்டு கம்பியை மரக்கட்டையில் இருந்த இரண்டு முனைகளில் இணைத்திருக்கிறார்கள். பல்பு போனால் ஆள் வந்து கழற்ற வேண்டும். 1880-இல் கொலம்பியா என்ற நீராவிக் கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட எடிசன் பல்புகளை மாட்டினார்கள். மென்லோ பார்க்குக்கு வெளியே அவர் செய்த முதல் பெரிய வேலை அதுதான். பயணியின் அறைக்கு விளக்கு வேண்டுமென்றால் அறைக்கு வெளியே இருக்கும் பூட்டிய பெட்டியைக் கப்பல் பணியாள் வந்து திறந்து சுவிட்சைப் போடுவாராம். மின்சாரத்தில் ஜனங்களைக் கைவைக்க விடக்கூடாது என்கிற காலம்.

அந்த எண்ணத்தை உடைத்ததுதான் மரை ஹோல்டர் என்று எனக்குப் படுகிறது. பல்பைக் கண்டுபிடித்தது பெரிய காரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போன பல்பை வீட்டுக்காரியே தன் கையால், ஸ்க்ரூடிரைவர் இல்லாமல், யாரையும் கூப்பிடாமல் மாற்றிக்கொள்ளலாம் என்று ஆனபோதுதான் அது வீட்டுச் சாமானாயிற்று. மண்ணெண்ணெய் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோது எடிசனுக்கு இந்த யோசனை வந்ததாக ஒரு கதை உண்டு. கதை நிஜமோ இல்லையோ, பொருத்தமானது. எந்த எண்ணெயை விரட்ட வந்தாரோ அந்த எண்ணெய் டப்பாவிடமே பாடம்!

முதலில் செய்தது படு முரட்டுச் சாமான். மின்சாரம் இறங்க மரை போட்ட ஓர் உலோகக் கூடு (மரைக்கூடு), ஏற ஒரு வளையம், நடுவில் காப்புக்கு மரம். மறு வருஷம் அந்த வளையத்தைப் புனல் மாதிரி சரிவாக்கினார்கள். அதற்குப் பிறகு மரத்தை விட்டுவிட்டு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போட்டுப் பல்பை ஒட்டினார்கள். இங்கேதான் வேடிக்கை. வளையம் இருப்பது மரைக்கு மேலே, கண்ணாடிப் பக்கம். பல்பை இறுக்கித் திருகினால் மரைக்கூடு உள்ளே இழுக்கிறது. வளையம் ஹோல்டரின் விளிம்பில் முட்டி நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே மாட்டிய பிளாஸ்டர் என்ன செய்யும்? பிய்ந்து வந்துவிட்டது. பிளாஸ்டர் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது, இது நம்ம கொத்தனாருக்கே தெரியும். ஆகவே வளையத்தைத் தூக்கிவிட்டு, அடியில் நடு மையத்தில் ஓர் உலோகப் பொட்டு வைத்தார்கள். இப்போது திருகத் திருகப் பொட்டு மேல்நோக்கி அழுந்துகிறது. இழுவை அழுத்தமாக மாறிவிட்டது. இது நடந்தது 1881-இல். அன்றைக்குப் போட்ட வடிவம்தான் இன்றைக்கு உன் மகன் வீட்டு எல்இடி பல்பின் அடியிலும் இருக்கிறது. இப்படி ஒரு வேலையைச் செய்துவிட்டுப் பேர் தெரியாமல் போன மெக்கானிக் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

அதே நேரத்தில் இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வான். நியூகாசில்காரர். எடிசனுக்கு முன்னாலேயே கார்பன் இழையோடு முட்டிக்கொண்டிருந்தவர். அவருடைய பல்புக்கு மரையும் கிடையாது, மூடியும் கிடையாது. கழுத்தடியில் பிளாட்டினத்தில் இரண்டு சின்னக் கொக்கிக்கண். ஹோல்டரில் இரண்டு கொக்கி, சுற்றிலும் ஒரு சுருள் ஸ்பிரிங். கண்ணைக் கொக்கியில் மாட்டினால் ஸ்பிரிங் பல்பை வெளியே தள்ளி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பார்க்க அழகு, நகைக்கடைச் சாமான் மாதிரி. நம்ம கையில் கொடுத்திருந்தால் நாளைக்கு நாலு கண்ணை ஒடித்திருப்போம்.

இதைவிட விசித்திரம் ஒன்று. இங்கிலாந்தின் வடக்கே கிராக்சைட் என்று ஒரு மாளிகை, ஆர்ம்ஸ்ட்ராங் என்கிற பீரங்கி வியாபாரியுடையது. ஏரித் தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுத்து 1880-இல் ஸ்வானின் விளக்குகளை ஏற்றினார். நூலகத்தில் எனாமல் பூசிய செம்பு ஜாடிகள் மேல் பல்பு. ஜாடியின் செம்பே ஒரு வயர். அது உட்காரும் இடத்தில் ஒரு குழியில் பாதரசம். ஜாடியைத் தூக்கினால் விளக்கு அணையும், திரும்ப வைத்தால் எரியும். சுவிட்சும் இல்லை, ஹோல்டரும் இல்லை, ஜாடியே எல்லாம்! அதை மட்டும் ஒரு நாள் தூக்கி வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. பாதரசத்தைப் பற்றி டாக்டர் மருமகளிடம் சொல்லாதே.

1883-இல் எடிசனும் ஸ்வானும் பிரிட்டனில் கோர்ட் சண்டையை விட்டுவிட்டு ஒரே கம்பெனி ஆனார்கள். ஆனால் அந்த ஊரில் நிலைத்தது மரை இல்லை, துப்பாக்கிமுனையில் கத்தி மாட்டுகிற மாதிரி அழுத்தி ஒரு திருப்புத் திருப்பி விடுகிற முறை. பேரே பேயொனட். வெள்ளைக்காரன் ஆண்ட இடமெல்லாம் அது கூடவே போனது, இங்கேயும் இலங்கையிலும் இன்னும் அதுதான் கைப்பழக்கம். நம்ம குண்டு பல்பின் அடியில் கறுப்பாகப் பளபளவென்று ஒன்று இருக்குமே, இரண்டு ஈயப் பொட்டுக்கு நடுவில்? அது அரக்கு என்று நீ ஐடிஐயில் அடித்துச் சொன்னாய். இல்லையப்பா, கண்ணாடி. விட்ரைட் என்று பெயர். ஸ்வானின் தம்பி ஆல்ஃபிரட் கொண்டுவந்தது. நாற்பத்தெட்டு வருஷத்துக்கு அப்புறம் நான் ஜெயித்தேன், குறித்துக்கொள்.

எது நல்லது, மரையா பின்னா என்று அப்போதே நாம் அடித்துக்கொள்வோம். என் கட்சி இன்றும் பின்தான். மெஷின் அதிரும் இடத்தில் மரை மெல்ல மெல்லக் கழன்று வரும். பின் நகராது, அதனால்தான் வண்டி விளக்குகள் பலவற்றில் அது. இன்னொன்று, மரைக்கூட்டில் நியூட்ரல்தான் வர வேண்டும், மையத்தில் ஃபேஸ், அதாவது ஷாக் அடிக்கிற வயர். வயரிங்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டால் பல்பு எப்போதும் போல எரியும், மாற்றுகிறவன் விரல் அந்தப் பித்தளையில் படுகிற வரை. உனக்கு நான் சொல்ல வேண்டுமா? மில்லில் நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் ஷெட்டில் மெர்க்குரி விளக்கு மாற்ற ஏணியில் ஏறினாயே. கோலியாத் மரை, 40 மில்லிமீட்டர் அகலம். யாரோ தலைகீழாகக் கொடுத்திருந்த கனெக்ஷன். நீ விழுந்த சத்தத்தைவிட விழுந்ததும் என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தைதான் ஷெட் முழுக்கக் கேட்டது. முழங்கால் இப்போது குளிருக்கு எப்படி இருக்கிறது?

பின் ஹோல்டருக்கும் வியாதி உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்து போகும், பொட்டில் தீப்பொறி விழும், ‘உஸ்’ என்று ஒரு சத்தம். ஒரு தட்டுத் தட்டினால் எரியும். நம்ம ஊரில் பாதி வீட்டில் அந்தத் தட்டுதான் சர்வீஸ்.

அமெரிக்காவில் மரை சுலபமாக ஜெயித்தது என்று நினைக்காதே. ஆளுக்கொரு பல்புக் கம்பெனி, கம்பெனிக்கொரு ஹோல்டர். ஒரு டஜனுக்கு மேல் ரகம் இருந்தது. தாம்சன்-ஹூஸ்டன் பல்பின் மரை அடியில் நடுவில் இருக்கும், வெஸ்டிங்ஹவுஸ் பல்பைத் திருக வேண்டாம், செருகினால் போதும். ஒருத்தன் ஹோல்டரை வாங்கி வீட்டில் பொருத்திவிட்டால் காலமெல்லாம் அவனிடமே பல்பு வாங்கு என்கிற கணக்கு. இப்போது செல்போன் சார்ஜரில் பார்த்தோமே, அதே சூழ்ச்சி. 1892-இல் எடிசன் கம்பெனியும் தாம்சன்-ஹூஸ்டனும் சேர்ந்து ஜெனரல் எலக்ட்ரிக் ஆனதோடு சண்டை சூடு குறைந்தது. 1900-இல் நூற்றுக்கு எழுபது எடிசன் மரை, மிச்சத்துக்கு அடாப்டர் விற்றார்கள்.

சுவரில் ப்ளக் பாயிண்ட் வருவதற்கு முன்னால் அயர்ன் பாக்ஸ், ஃபேன் எல்லாவற்றையும் அந்த ஹோல்டரில்தான் திருகினார்கள். வயரும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். ஹார்வி ஹப்பெல் என்பவர் 1904-இல் அதை இரண்டு துண்டாக்கினார். திருகுகிற பாகம் ஹோல்டரிலேயே இருக்கட்டும், மற்றதைச் செருகி எடு என்று. நீ அங்கே சுவரில் செருகும் ப்ளக்கின் பாட்டன் அது.

ஜப்பான் சங்கதி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒசாகா மின்சாரக் கம்பெனியில் வயரிங் வேலை பார்த்த மட்சுஷிட்டா, தானே ஒரு நல்ல ஹோல்டர் செய்கிறேன் என்று 1917-இல் வேலையை விட்டார். வயது 22. ஹோல்டர் விற்கவில்லை. மனைவியின் உடுப்பு அடகுக்குப் போனது. அடுத்த வருஷம் ஹோல்டரில் திருகும் ப்ளக் ஒன்று செய்தார், அதன் மரைப் பாகத்துக்குப் போன பல்புகளின் மூடியையே எடுத்துக்கொண்டார். விலை சல்லிசு, விற்றுத் தீர்ந்தது. அப்புறம் ஒரே இடத்தில் விளக்கும் இன்னொரு சாமானும் மாட்டுகிற இரட்டை ஹோல்டர். அந்தக் கம்பெனிதான் இன்றைய பானசோனிக். கல்யாண வீட்டில் ஒரே ஹோல்டரில் சீரியல் செட்டும் மைக்கும் கொடுத்து ஃபியூஸை எரித்த நாமும் அதே வழியில்தான் இருந்தோம், கம்பெனிதான் ஆரம்பிக்கவில்லை.

உன் விளக்குக்கு வருவோம். அடாப்டர் கிடைக்கும், ஆனால் பல்பு கொஞ்சம் மேலே வந்து ஷேடுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். ஹோல்டரையே மாற்றிவிடு. கடையில் இ26 என்று கேள், 26 மில்லிமீட்டர் மரை. அந்த ஹோல்டரில் வெள்ளி நிறத் திருகும் பித்தளை நிறத் திருகும் இருக்கும். வெள்ளிதான் மரைக்கூட்டுக்குப் போவது, நியூட்ரலை அங்கே கொடு. ப்ளக்கிலும் அகலமான பல் நியூட்ரல். இங்கிருந்து கொண்டுபோன ப்ளக்கை வெட்டி எறி. உடம்பு முழுக்கப் பித்தளை, அதனால் மூன்று பின் ப்ளக் போட்டு எர்த் கொடுத்துவிடு. மகனைச் செய்ய விடாதே, அவன் கம்ப்யூட்டர்காரன்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். லட்சுமிக்கு இடது கண்ணில் ஆபரேஷன் ஆகி நன்றாக இருக்கிறாள். முதலில் பார்த்ததே நான் வாங்கி வந்த ஹோல்டரைத்தான், அதுதான் கஷ்டம். நம்ம செட் வேலுவின் பேத்திக்குத் தை மாதம் கல்யாணம், பத்திரிகை உன் வீட்டு முகவரிக்கு வந்திருக்கிறது. அந்தப் பழைய ஹோல்டரைப் புது வயர் போட்டுத் திண்ணையில் மாட்டிவிட்டேன். சாவி இன்னும் ‘டக்’ என்று விழுகிறது. பேரன் ஒரு நாளைக்கு முப்பது தடவை திருகுகிறான்.

நியூயார்க் சுரங்க ரயிலில் பல்பைத் திருடாமலிருக்க இடதுபக்க மரை வைத்திருந்தார்களாம், வீட்டு ஹோல்டரில் ஏறாது. அங்கே பழைய சாமான் சந்தை போட்டால் அப்படி ஒன்று கண்ணில் படுகிறதா பார். கிடைத்தால் ஹோல்டரோடு சேர்த்து வாங்கிக்கொண்டு வா. பல்பு மட்டும் வந்தால் இங்கே மாட்ட இடமில்லை.

உன்
ராமநாதன்