கைதானவரைப் பார்க்க உரிமை உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் தங்கை மகனை ஒரு வெள்ளிக்கிழமை மாலை போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. "திங்கட்கிழமை வரை யாரும் பார்க்க முடியாது" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். தங்கை அழுதுகொண்டே நின்றாள்.

எங்கள் சாட்ஸ்வொர்த் மனித உரிமைக் குழுவுக்குச் சொல்லி அனுப்பினோம். வந்த பெண் குரலை உயர்த்தவே இல்லை. நம் தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பின் 35ஆம் பிரிவை மேசைமேல் விரித்து, விரல் வைத்து வாசித்தார். கைதானவர் பேசாமல் இருக்கலாம், வழக்கறிஞரைக் கேட்கலாம், சொந்தக்காரர் வந்து பார்க்கலாம். 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். அது வார இறுதியில் முடிந்தால் அடுத்த நீதிமன்ற நாளுக்குள். அன்றிரவே தங்கை தன் மகனைப் பார்த்தாள், சாப்பாடும் கொடுத்தாள்.

அப்புறம்தான் தெரிந்தது, இந்தக் குழுவினர் சம்பளம் வாங்காமல் இதைச் செய்கிறார்கள் என்று. தெருவில் கூடிக் குரல் கொடுக்கப் பயப்படுகிறவர்களுக்கும் இவர்கள்தான் துணை. முன்னறிவிப்புக் கொடுக்காமல் கூட்டம் நடத்தியதைக் குற்றமாக்கிய விதி செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்ததை எங்களுக்கு விளக்கியதும் இவர்களே.

பெரியவர்கள் பலர் தமிழில்தான் நிம்மதியாக வாசிப்பார்கள். அந்த 35ஆம் பிரிவைத் தமிழில் உங்கள் பத்திரிகையில் வெளியிடுங்கள், ஐயா. வெட்டி வைத்துக்கொள்கிறோம்.

ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்