வாடைக்காற்றுக்கு எதிரே

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் அக்கா மகனைப் பற்றி நீ எழுதியிருந்த அந்த ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். போனில் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டிருந்தால் "எல்லாம் சரியாகிவிடும்" என்றுதான் சொல்லியிருப்பேன். அதை அவன் ஏற்கெனவே நூறு பேர் சொல்லிக் கேட்டிருப்பான். அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகவே.

முதலில் வீட்டுச் செய்தி. உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பெரியவளுக்குப் புதுச்சேரியிலேயே வேலை கிடைத்துவிட்டது, தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். 'தானே' புயலில் விழுந்த பலாவுக்குப் பதிலாக வைத்த கன்று போன வருஷம்தான் முதல் காய் விட்டது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சத்தீஸ்கர் பஸ்தரில் கண்ணிவெடியில் வலது கால் போய், செயற்கைக்காலும் பொருத்திய பிறகு, அவன் ஊரில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான் என்று எழுதியிருந்தாய். ஆஸ்பத்திரியில் சிரித்துப் பேசியவன் வீட்டுக்கு வந்ததும் ஏன் இப்படி ஆனான் என்று கேட்டிருக்கிறாய். எனக்கு அது புதிராகவே இல்லை. 2002 கடைசியில் ராஜஸ்தான் எல்லையில், நாம் புதைத்த கண்ணிவெடிகளை நாமே எடுக்கப் போன அந்த நாள் உனக்கு மறந்திருக்காது. வரைபடத்தில் இருந்த இடம் ஒன்று, மணல் நகர்ந்து கண்ணி கிடந்த இடம் வேறு. வெள்ளை நாடா கட்டிய பாதை வழியாக நீ என்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாய். அப்புறம் புனேயில், 1944 முதல் இருக்கும் அந்தச் செயற்கை உறுப்பு மையத்தில் நான் நன்றாகத்தான் இருந்தேன். அங்கே எல்லாருக்கும் ஏதாவது ஒன்று இல்லை. யார் முதலில் படி ஏறுவது என்று பந்தயம் கட்டுவோம். ஊருக்கு வந்தேன், தெருவிலேயே கால் இல்லாதவன் நான் ஒருவன்தான். பொன்னாடை போட்டார்கள், பேனர் வைத்தார்கள். கடைக்குப் போனால் எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். வேலை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. சின்னப் பையன்கூட என் கையிலிருந்து பையை வாங்கிக்கொள்வான். பதினான்கு மாதம் நானும் சுவரைத்தான் பார்த்துப் படுத்திருந்தேன் மச்சான். உனக்கு எழுதிய கடிதங்களில் அதை எழுதவில்லை.

ஆறு வருஷமாக நான் ஒரு குழுவோடு சைக்கிள் ஓட்டுகிறேன் என்று உனக்குத் தெரியும். அதில் என்ன நடக்கிறது என்று இதுவரை விவரமாகச் சொன்னதில்லை. பெயர், பதிவு, பலகை எதுவும் கிடையாது. கடலூர், புதுச்சேரி, பண்ருட்டி ஆட்கள் பதினான்கு பேர். பாதிப் பேர் நம்மைப் போல அடிபட்டு வந்தவர்கள், மீதிப் பேர் நல்ல உடம்புக்காரர்கள். முதுகெலும்பு அடிபட்ட ஒரு ராணுவ சுபேதார் கைகளால் மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுகிறார். பார்வை போன ஒரு ராணுவ நாயக், இருவர் ஓட்டும் சைக்கிளில் பின்சீட்டில் இருந்து மிதிக்கிறார். முன்சீட்டில் லாஸ்பேட்டை விளையாட்டு ஆசிரியர் ஒருவர், "பள்ளம், மேடு, பிரேக், இடது" என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே ஓட்டுவார்.

நமக்கு ஏன் சைக்கிள் ஒத்துவருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் உடம்பின் கனம் முழுக்க வெட்டுப்பட்ட இடத்தில் இறங்குகிறது. ஓடினால் இன்னும் மோசம். சைக்கிளில் கனத்தை சீட் வாங்கிக்கொள்கிறது, கால் சும்மா சுற்றினால் போதும். செயற்கைக்கால் பெடலிலிருந்து வழுக்காமல் இருக்க ஷூவுக்கு அடியில் ஒரு கொக்கி. முழங்கால் முழுசாக மடங்காதவருக்கு அந்தப் பக்கக் கிராங்கை, அதாவது பெடலைத் தாங்கும் தண்டை, நீளம் குறைத்துப் போடலாம். ஒரு கை இல்லாதவருக்கு இரண்டு பிரேக் கம்பியையும் ஒரே கைப்பிடியில் இழுத்துக் கட்டலாம். இதையெல்லாம் செய்து தருவது இங்கே மஞ்சக்குப்பத்தில் வாடகை சைக்கிள் காலத்திலிருந்து கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். எந்தப் புத்தகமும் பார்க்காமல், ஆளை உட்கார வைத்து, மிதிக்கச் சொல்லி, பார்த்துப் பார்த்தே செய்கிறார்.

சிரமமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். வெயில் ஏற ஏறத் தசை சுருங்கி, வெட்டுப்பட்ட கால் போய் உட்காரும் செயற்கைக்காலின் குழி, அந்த சாக்கெட், தளர்ந்துவிடும். நடுவழியில் நின்று, வெட்டுப்பட்ட காலில் மாட்டும் உறை, ஸ்டம்ப் சாக்ஸ், இன்னொன்று போட வேண்டும். தோலை ஒட்டிப் போடும் மெத்தென்ற லைனருக்குள் வியர்வை தேங்கினால் தோல் உரிந்துவிடும், அப்புறம் ஒரு வாரம் கால் மாட்ட முடியாது. சுபேதாருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்ப்பதே இல்லை. சூடு உள்ளேயே நின்றுவிடும். அரை மணிக்கு ஒருமுறை அவர் மேல் தண்ணீர் தெளிக்க ஓர் ஆள் வேண்டும். சீட் அழுத்திப் புண் வந்தாலும் அவருக்குத் தெரியாது, யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். இதற்கு வெட்கப்பட்டால் எங்களோடு வர முடியாது.

இல்லாத கால் வலிப்பதைப் பற்றி அவன் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டான். நீ கேட்டுப் பார். எனக்குப் பல வருஷம் அந்தக் கால்விரல்கள் மடங்கி இறுகியே இருந்தன, இரவு முழுக்க. நம்ம தமிழ்நாட்டில் பிறந்த விளையனூர் ராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஒரு கண்ணாடி வைத்தியம் கண்டுபிடித்தார். நல்ல காலைக் கண்ணாடியில் காட்டி, இல்லாத கால் அசைவதாக மூளையை நம்ப வைப்பது. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்து, நிலைக்கண்ணாடியைப் படுக்க வைத்து நானும் செய்தேன். கொஞ்சம் குறைந்தது. ஆனால் அந்த விரல்கள் தாமாக விரிந்தது ஒரு நீண்ட ஓட்டத்தில்தான், மூன்றாவது மணி நேரத்தில், புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில். எனக்கு நடந்தது இது. எல்லாருக்கும் நடக்கும் என்று சொல்லமாட்டேன். எங்கள் குழுவிலேயே ஒருவர் நான்கு மாதம் வந்து, தூக்கம் வராத பிரச்சினை தீராமல் நின்றுவிட்டார். அவருக்குத் தேவைப்பட்டது மனநல மருத்துவர். நாங்கள் அதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. உன் அக்கா மகனுக்கும் அந்த மருத்துவர் முதலில் வேண்டும், சைக்கிள் அதற்குப் பிறகுதான்.

போன தை மாதம் நடந்ததை எழுதுகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

நான்கு நாள் ஓட்டம். புதுச்சேரியிலிருந்து காரைக்கால் போய்த் திரும்புவது, போக வர ஏறக்குறைய 260 கிலோமீட்டர். விடியற்காலை ஐந்து மணிக்குக் கடற்கரைச் சாலையில், போர் நினைவுச் சின்னத்துக்கு எதிரே கூடினோம். அந்நேரம் அங்கே கார், பைக் எதையும் விடமாட்டார்கள். முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போய்த் திரும்பாத இந்த ஊர் ஆட்களுக்காக 1938இல் திறந்தது அது. நாங்கள் காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு சொல்தா, பிரெஞ்சுப் படையில் இருந்த பெரியவர், நின்று பார்த்தார். தொண்ணூறை நெருங்குகிறவர், அல்ஜீரியாவில் இருந்தவராம். என் காலைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. "எத்தனை பேர் போறீங்க?" என்றார். பதினான்கு என்றேன். "பதினாலு பேரும் திரும்பி வாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். நான்கு நாளும் அது என் காதில் இருந்தது.

போகும்போது சுகம். தையில் வாடைக்காற்று முதுகைத் தள்ளும். அரியாங்குப்பம் பாலம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் என்று ஊர்கள் ஓடின. பெண்ணையாற்றுப் பாலத்தில் பனி. முதல் நாள் சிதம்பரம், அடுத்த நாள் கொள்ளிடம் தாண்டி சீர்காழி, திருக்கடையூர், தரங்கம்பாடி, காரைக்கால்.

திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடித்தது. நான்காம் நாள் ஆலப்பாக்கம் தாண்டியதும் சுபேதாருக்குக் கை ஓய்ந்துவிட்டது. எங்கள் பின்னால் வரும் வேனில் அவர் ஏற மாட்டார், அது எங்களுக்குத் தெரியும். எதிர்காற்றில் ஒருவர் முன்னால் போனால் பின்னால் ஒட்டி வருகிறவருக்குப் பாரம் நிறையக் குறையும். இதற்கு எங்கள் பேச்சில் "காற்று வாங்குவது" என்று பெயர். வழக்கமாக நானும் லாஸ்பேட்டை ஆசிரியரும்தான் மாற்றி மாற்றி வாங்குவோம். அன்றைக்கு எனக்கு சாக்கெட் தளர்ந்து ரத்தம் வந்துவிட்டது. ஆசிரியருக்கோ அவர் பின்சீட்டுக்காரரைக் கவனிக்க வேண்டியிருந்தது.

பண்ருட்டிப் பையன் ஒருவன் உண்டு. காஷ்மீரில் இடது முன்கை போனவன். மூன்று மாதமாக வருகிறான், வணக்கம் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. எப்போதும் கடைசியில், யார் கண்ணிலும் படாமல் வருவான். அவன் அத்தனை பேரையும் தாண்டி முன்னுக்கு வந்தான். சுபேதாரின் வண்டிக்கு முன்னால் சேர்ந்து, திரும்பிப் பார்க்காமல், "சார், என் பின்னாடி வாங்க" என்றான். அவ்வளவுதான். கடலூர் வரை அவன் ஒருவனே காற்று வாங்கினான். கெடிலம் பாலம் ஏறும்போது சுபேதார் பின்னாலிருந்து, "டேய், மெதுவா போடா, என்னால முடியல" என்று கத்தினார். அவன் சிரித்தான். அவனுக்குச் சிரிக்கத் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அன்று ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் நாங்கள் அவனுக்கு என்னவெல்லாமோ செய்தோம். சைக்கிள் சரிசெய்தோம், சாப்பாடு வாங்கிக் கொடுத்தோம், தட்டிக்கொடுத்தோம். அதெல்லாம் பொன்னாடை மாதிரிதான் அவனுக்கு இருந்திருக்கும். அவனால் மட்டுமே முடியும் என்ற ஒரு வேலை வந்தபோதுதான் அவன் எழுந்தான். அமெரிக்காவிலும் இப்படித்தான். 2004இல் கிறிஸ் கார்னி என்பவர், தானே படையில் இருந்தவர் இல்லை, காயம்பட்ட வீரர்களுக்கு நிதி சேர்க்க ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை நாட்டைக் குறுக்காகக் கடந்து ஓட்டினார். அடுத்த ஆண்டே கால் இழந்த வீரர்கள் தாங்களும் அவரோடு ஓட்டினார்கள். தமக்காக ஒருவர் ஓட்டுவதை அவர்களால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். நம்ம நாட்டிலும் விபத்தில் கால் இழந்து சைக்கிள் வீரரான ஆதித்யா மேத்தா ஹைதராபாத்தில் நடத்தும் அறக்கட்டளை, அடிபட்ட பிஎஸ்எஃப், சிஆர்பிஎஃப் ஜவான்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. சிஆர்பிஎஃப்பே 2020இல் அங்கே ஒரு மையம் திறந்திருக்கிறது. பின்னால் உன் அக்கா மகன் அங்கேயும் போகலாம். இப்போது அவ்வளவு தூரம் யோசிக்க வேண்டாம்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்று. அவனிடம் "சைக்கிள் ஓட்டினால் நல்லது, போய்ப் பார்" என்று சொல்லாதே. என் காலைப் பற்றியும் பேசாதே. அவன் மோட்டார் பிரிவில் ஃபிட்டராக இருந்தவன் என்று எழுதியிருந்தாய். எங்கள் வேனைக் கவனித்துக்கொண்டிருந்த தம்பி கல்ஃபுக்குப் போய்விட்டான். ஸ்போக் கட்ட, ரிம்மில் பெண்டு எடுக்க, பஞ்சர் போட, சுபேதாருக்கு அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் தெளிக்க ஆள் இல்லை. மஞ்சக்குப்பத்துப் பெரியவருக்கு எழுபத்தி மூன்று வயது, அவரை வேனில் நான்கு நாள் உட்கார வைக்க முடியாது. இதை அவனை வரவைக்கச் செய்யும் தந்திரம் என்று நினைத்துவிடாதே. நிஜமாகவே ஆள் இல்லை. அடுத்த ஓட்டம் தையில், ஆள் கிடைக்காவிட்டால் சுபேதாரை நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும்.

அவன் முடியாது என்றால் விட்டுவிடு, வற்புறுத்தாதே. வருகிறேன் என்றால் காட்பாடியிலிருந்து ரயிலில் விழுப்புரம் வரை வரட்டும், அங்கே நான் வந்து நிற்கிறேன். ஸ்டம்ப் சாக்ஸ் ஆறு ஜோடியாவது பருத்தியில் எடுத்து வரச் சொல், கடலோர ஈரத்தில் ஒரு நாளில் காயாது. அவன் ஸ்பேனர் பெட்டி வைத்திருந்தால் அதையும்.

உன் வீட்டில் தங்கச்சிக்கு சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று எழுதவே இல்லையே, அடுத்த கடிதத்தில் எழுது.

உன்,
மஞ்சக்குப்பத்து மச்சான்