கீரிங் பாஸ்வேர்டைக் காலியாக விடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் கணினி, லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். உங்கள் வார இணைப்பில் வரும் கணினி கேள்வி பதில் பகுதியைத் தவறாமல் படிப்பவன். அண்மையில் அதில் ஒரு வாசகர், லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்ட பிறகு குரோமைத் திறக்கும்போதெல்லாம் கீரிங் (ரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கும் பெட்டகம்) பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி வருகிறது, அதை எப்படி நிறுத்துவது என்று கேட்டிருந்தார். கீரிங் பாஸ்வேர்டைக் காலியாக மாற்றிவிடுங்கள், அப்புறம் கேட்காது என்று பதில் வந்திருந்தது. கேட்காது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டி எதற்காக வருகிறது, அதை நிறுத்தினால் எதெல்லாம் திறந்து கிடக்கும் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. பேப்பரில் வந்ததை வெட்டி வைத்து அப்படியே செய்கிறவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்வி இப்போது அதிகம் வரக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப் இருக்க வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் ஏற்காது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பை யார் தூக்கிப் போடுவார்கள்? மின்ட் போட்டுக் கொடுங்கள், அதே மாதிரி இன்னொரு லினக்ஸான உபுண்டு போட்டுக் கொடுங்கள் என்று வருகிறார்கள். அரசு கொடுத்த இலவச லேப்டாப்பை இன்னும் பத்திரமாக வைத்திருப்பவர்களும் வருகிறார்கள். போட்டுக் கொடுக்கும் கடைக்காரர்களில் பலர், கஸ்டமருக்கு வசதியாக இருக்கட்டும் என்று இன்ஸ்டால் செய்யும்போதே ஆட்டோ லாகினைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். ஆன் செய்தால் பாஸ்வேர்டு கேட்காமல் நேராக டெஸ்க்டாப்புக்குப் போய்விடும். அந்தப் பெட்டி வருவதற்குக் காரணமே இதுதான்.

குரோமில் ஒரு பாஸ்வேர்டைச் சேமித்தால் அது 'லாகின் டேட்டா' என்ற ஃபைலில் போய் உட்காருகிறது. எஸ்கியூலைட் என்ற சாதாரண டேட்டாபேஸ் ஃபைல்தான். அதில் எந்தத் தளம், என்ன யூசர் நேம் என்பதெல்லாம் வெளிப்படையாகவே தெரியும். பாஸ்வேர்டு மட்டும் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருக்கும். அந்த மறையாக்கத்தைப் பிரிக்கும் சாவியைக் குரோம் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. டெஸ்க்டாப்பின் கீரிங்கிடம் கொடுத்து வைக்கிறது. மின்ட், உபுண்டு இரண்டிலும் அது க்னோம் கீரிங். கே.டி.இ. என்ற வேறு வகை டெஸ்க்டாப் என்றால் கேவாலட். கீரிங்குக்குள் 'குரோம் சேஃப் ஸ்டோரேஜ்' என்று ஒரு பதிவு இருக்கும், அதுதான் சாவி. பழைய குரோம் ஒவ்வொரு பாஸ்வேர்டையும் நேராகக் கீரிங்கிலேயே போட்டுவந்தது, பிறகுதான் சாவியை மட்டும் வைக்கும் முறைக்கு மாறியது.

அந்தக் கீரிங்கும் ஒரு ஃபைல்தான். நம் லாகின் பாஸ்வேர்டாலேயே அது பூட்டப்பட்டிருக்கும். காலையில் மெஷினை ஆன் செய்து நாம் அடிக்கிற பாஸ்வேர்டை வாங்கி, அதை வைத்தே கீரிங்கையும் திறந்துவிடும்படி சிஸ்டம் அமைக்கப்பட்டிருக்கிறது. அதனால் ஒழுங்காக லாகின் செய்கிறவர்களுக்கு இப்படி ஒன்று உள்ளே இருப்பதே தெரியாது. ஆட்டோ லாகின் போட்டால் யாரும் பாஸ்வேர்டு அடிப்பதில்லை. கீரிங்கைத் திறக்க சிஸ்டம் கையில் எதுவும் இல்லை. குரோம் வந்து சாவியைக் கேட்கும்போது, வேறு வழியில்லாமல் நம்மிடம் பெட்டி போட்டுக் கேட்கிறது. கைரேகை வைத்து உள்ளே போனாலும் இதே நிலைதான்.

பாஸ்வேர்டைக் காலியாக விட்டால் என்ன ஆகிறது என்பதைக் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் செய்தே காட்டுவதுண்டு. அதற்கென்றே ஒரு பழைய லேப்டாப் வைத்திருக்கிறேன். மின்ட் இருக்கிற பென் டிரைவைச் சொருகி அதிலிருந்து ஆன் செய்வேன். லேப்டாப்பின் லாகின் பாஸ்வேர்டு எதுவும் தேவைப்படாது. ஹார்டு டிஸ்கைத் திறந்து, ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோல் எச் அழுத்தினால் மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். அனுமதி இல்லை என்று எங்காவது நின்றால் ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு, திறந்தால் போதும், பென் டிரைவில் ஓடும் மின்ட்டில் அதற்கும் பாஸ்வேர்டு கிடையாது. உள்ளே 'லாகின் டாட் கீரிங்' என்ற ஃபைலைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறப்பேன். பாஸ்வேர்டு போட்ட கீரிங் என்றால் முதலில் 'க்னோம்கீரிங்' என்ற பெயர் வாசிக்க வரும், அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் புரியாத குப்பைதான். காலியாக விட்ட கீரிங் என்றால் எல்லாமே வெளிப்படையாகத் தெரியும். 'டிஸ்ப்ளே நேம்' என்று ஒரு வரியில் குரோம் சேஃப் ஸ்டோரேஜ். அதே பகுதியில் 'சீக்ரெட்' என்று ஆரம்பித்து இரண்டு சமக் குறிகளோடு முடிகிற ஒரு எழுத்துச் சரம். அவ்வளவுதான், சாவி கைக்கு வந்துவிட்டது. அதை வைத்து லாகின் டேட்டாவில் உள்ள பாஸ்வேர்டுகளைப் பிரித்தெடுக்கும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பார்க்கிறவர்கள் முகம் மாறிவிடும். 'லாகின் பாஸ்வேர்டு போட்டிருக்கோமே, அது காப்பாத்தாதா?' என்பார்கள். டிஸ்க் முழுவதையும் மறையாக்கம் செய்திருந்தால் ஒழிய, டிஸ்கில் இருக்கிற ஃபைலை லாகின் பாஸ்வேர்டு காப்பாற்றாது.

காலியாக மாற்றும்போது, பாஸ்வேர்டுகள் மறையாக்கம் இல்லாமல் சேமிக்கப்படும், சம்மதமா என்று சிஸ்டமே ஒருமுறை கேட்கிறது. ஆங்கிலத்தில் கேட்பதால் படிக்காமலேயே 'கன்டினியூ' கொடுத்துவிடுகிறார்கள்.

இணையத்தில் இன்னும் இரண்டு வைத்தியங்கள் சுற்றுகின்றன. ஒன்று, குரோம் ஐகானின் கட்டளை வரியில் 'பாஸ்வேர்டு ஸ்டோர் பேசிக்' என்று சேர்ப்பது. இதைச் செய்தால் குரோம் கீரிங் பக்கமே போகாது. அதற்குப் பதில் குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தின் மூல நிரலிலேயே எழுதி வைத்திருக்கிற ஒரு நிரந்தரச் சொல்லிலிருந்து சாவியை உண்டாக்கிக்கொள்ளும். அந்தச் சொல் 'பீநட்ஸ்'. அதோடு கலக்கிற இன்னொரு சொல் 'சால்ட்டிசால்ட்'. உலகத்தில் எல்லா மெஷினுக்கும் இதே இரண்டு சொற்கள்தான், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பீரோவைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

இன்னொரு வைத்தியம், கீரிங் ஃபைலையே அழித்துவிடுவது. இதன் பலனைப் போன மாதம் என் கடையில் பார்த்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். லாகின் பாஸ்வேர்டு மறந்துபோனதால் வேறொரு கடையில், லாகின் செய்யாமலேயே உள்ளே போக விடும் ரெக்கவரி மோடில் போய்ப் புதிதாக மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படி வெளியிலிருந்து மாற்றினால் கீரிங்குக்கு அது தெரியாது, பழைய பாஸ்வேர்டையே பிடித்துக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் போய் நாமே பழையதையும் புதியதையும் அடித்து மாற்றினால்தான் இரண்டும் சேர்ந்து மாறும். அவருக்குப் பெட்டி வர ஆரம்பித்தது. திரும்பப் போய்ச் சொன்னதும், அந்தக் கடையில் கீரிங் ஃபைலை அழித்துவிட்டார்கள். பெட்டி நின்றது. கூடவே குரோமில் சேமித்த ஒரு பாஸ்வேர்டும் வரவில்லை. உள்ளே போய் வைத்திருந்த எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியே தள்ளிவிட்டது, ஏனென்றால் நாம் உள்ளே இருப்பதை நினைவில் வைக்கும் குக்கிகளும் அதே சாவியால்தான் பூட்டப்பட்டிருக்கும். பாஸ்வேர்டுகளைக் கூகுள் கணக்கிலும் நகல் வைக்கும் சிங்க்கும் போட்டிருக்கவில்லை. என்னிடம் வந்தபோது லாகின் டேட்டா ஃபைல் அப்படியே பத்திரமாக இருந்தது. திறக்க முடியாது, அவ்வளவுதான். 'அம்மா, உங்களுக்குப் பழைய பாஸ்வேர்டு ஞாபகம் வந்தாலும் இனிமேல் பிரயோஜனம் இல்லை, அது திறக்க வேண்டிய ஃபைலே போய்விட்டது' என்று சொல்ல எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. பென்ஷன் கணக்கு, மகன் அனுப்பும் பணம் வரும் வங்கி, பேரனின் பள்ளித் தளம் என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து ரீசெட் செய்தோம். அழிக்காமல் அந்த ஃபைலை வேறு பெயரில் நகர்த்தி வைத்திருந்தால்கூட, பழைய பாஸ்வேர்டு ஞாபகம் வருகிற அன்றைக்கு மீட்டிருக்கலாம்.

வங்கிக்குத்தான் ஓ.டி.பி. இருக்கிறதே, பாஸ்வேர்டு போனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஜிமெயிலை யோசித்துப் பாருங்கள். நாம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறோம் என்பதற்கான அடையாளம் குக்கியில்தான் இருக்கிறது. அது போனால், எடுத்தவன் பாஸ்வேர்டும் இல்லாமல் ஓ.டி.பி.யும் இல்லாமல் மெயிலுக்குள் போகவும் வாய்ப்பு இருக்கிறது. மெயில் கையில் இருந்தால் மற்றதையெல்லாம் ரீசெட் செய்வது எவ்வளவு நேரம்? ஆடிட்டர் அலுவலகங்களில் நிலைமை இன்னும் மோசம். ஜி.எஸ்.டி., வருமான வரித் தளங்களின் பாஸ்வேர்டுகள், வாடிக்கையாளர்கள் அத்தனை பேருடையதும், ஒரே குரோமில் சேமித்து வைத்திருப்பார்கள். அந்த மெஷினில் கீரிங் காலி என்றால், கீபோர்டு மாற்ற லேப்டாப்பைக் கடையில் விட்டுப்போகிற ஒரு ராத்திரி போதும். நானும் அந்தத் தொழிலில் இருப்பவன்தான். கஸ்டமர் நம்பிக்கையோடு கொடுத்துவிட்டுப் போகிறார், அந்த நம்பிக்கைக்கு ஒரு பூட்டும் கூட இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

ஃபயர்பாக்ஸ் வைத்திருப்பவர்கள், எங்களுக்கு அந்தப் பெட்டியே வருவதில்லை என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. ஃபயர்பாக்ஸ் சேமித்த பாஸ்வேர்டுகளுக்காகக் கீரிங்கிடம் போவதில்லை. 'லாகின்ஸ் டாட் ஜேசன்' என்ற ஃபைலில் பாஸ்வேர்டுகள், பக்கத்திலேயே 'கீ4 டாட் டிபி' என்ற ஃபைலில் சாவி. இவை இருக்கும் புரொஃபைல் ஃபோல்டரைக் காப்பி செய்து புது மெஷினில் போட்டால் பாஸ்வேர்டெல்லாம் கூடவே வந்துவிடும் என்பது இதில் வசதி. அதே ஃபோல்டரைக் காப்பி செய்கிற இன்னொருவருக்கும் வந்துவிடும். பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் 'பிரைமரி பாஸ்வேர்டு' போட்டால்தான் அந்தச் சாவிக்கு உண்மையான காவல் வரும். முன்னே இதை மாஸ்டர் பாஸ்வேர்டு என்பார்கள்.

கீரிங் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை திறந்துவிட்டால், நம் லாகினில் ஓடுகிற எந்த புரோகிராமும் அதனிடம் சாவியைக் கேட்டு வாங்கலாம். மேக்கின் கீசெயின், கேட்பது எந்த ஆப் என்று பார்த்து அனுமதி கேட்கும். விண்டோஸில் குரோம் 2024 ஜூலையில் வந்த 127-ஆம் பதிப்பிலிருந்து, முதலில் குக்கிகளுக்கு, கேட்பது குரோம்தானா என்று சரிபார்க்கும் ஏற்பாட்டைச் சேர்த்தது. லினக்ஸ் டெஸ்க்டாப்பில் பொதுவாக அந்த அளவுக்கு இல்லை. கீரிங் காப்பது அணைத்து வைத்த மெஷினை, திருடு போன லேப்டாப்பை, கழற்றிய ஹார்டு டிஸ்கை. நம் மக்களுக்கு நிஜமாக நடக்கிற நஷ்டம் பெரும்பாலும் இந்த வகையில்தான் என்பது என் அனுபவம்.

அந்த வாசகருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் சுருக்கமானது. யூசர் செட்டிங்ஸில் ஆட்டோ லாகினை நிறுத்துங்கள். கீரிங் பாஸ்வேர்டும் லாகின் பாஸ்வேர்டும் ஒன்றாக இருக்கட்டும். ஒன்றாக இல்லை என்றால் 'பாஸ்வேர்ட்ஸ் அண்ட் கீஸ்' என்ற ஆப்பைத் திறந்து, லாகின் என்பதன் மேல் ரைட் கிளிக் செய்து மாற்றுங்கள். காலையில் ஒரு பாஸ்வேர்டு, அதற்குப் பிறகு நாள் முழுக்க எந்தப் பெட்டியும் வராது. ஆட்டோ லாகின் இருந்தே தீர வேண்டும் என்றால், டிஸ்க் முழுவதையும் மறையாக்கம் செய்து இன்ஸ்டால் பண்ணச் சொல்லுங்கள், அப்போதுதான் கீரிங் காலியாக இருந்தாலும் அணைத்து வைத்த மெஷினின் டிஸ்கை யாரும் படிக்க முடியாது. இன்ஸ்டால் செய்து கொடுக்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: 1234 என்று நீங்களே ஒன்றைப் போட்டுக் கொடுக்காமல், பாஸ்வேர்டு கேட்கிற இடத்தில் கீபோர்டைக் கஸ்டமர் பக்கம் திருப்பி அவரையே அடிக்க விடுங்கள்.

இதை ஒரு திருத்தமாக, கேள்வி வந்த அதே பகுதியில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பதிலைப் பார்த்து ஏற்கெனவே காலியாக மாற்றிவிட்டவர்கள் அதே ஆப்பில் திரும்பவும் பாஸ்வேர்டு போட்டுவிடலாம். இடையில் லேப்டாப்பை எங்காவது சர்வீஸுக்குக் கொடுத்திருந்தால், அது மட்டும் போதாது. மெயிலில் தொடங்கி, சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும் மாற்ற வேண்டும், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும்படி கொடுக்க வேண்டும். இதையும் திருத்தத்தில் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
கணினி சர்வீஸ் கடைக்காரர் ஒருவர்,
காரைக்குடி.