ஒன்றரை நிமிடப் பாட்டுக்காரருக்கே என் ஓட்டு

அன்புள்ள ராகவனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து வாக்கரைப் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்த பிறகுதான் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. பிசியோதெரபிக்கு வரும் பையனைத் திட்டி அனுப்பிவிடாதே. வலிக்கிறது என்று பாதியில் நிறுத்திய என் மைத்துனர் இன்னும் மாடிப்படியைக் கண்டால் தயங்கி நிற்கிறார். இங்கே பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை. சின்னவளுக்குப் பெங்களூரில் வேறு வேலை கிடைத்திருக்கிறது, வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே பார்க்கலாமாம். மொட்டை மாடி ஒழுகுகிறது என்று ஆள் வைத்துப் பூசினேன். ஒழுகும் இடம் ஒரு அடி தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படுத்த இடத்திலிருந்து நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் மூன்று பக்கம் பாப் டிலன். ராக் இசையில் அதிகம் எழுதிக் குவித்தவர் அவர்தான், 600 பாட்டு, நோபல் பரிசு, இதற்கு மேல் பேச்சே இல்லை என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாய். நோபலை எதற்கு இதில் இழுத்தாய்? ஸ்வீடன்காரர்கள் பாட்டை எண்ணிப் பார்த்தா கொடுத்தார்கள்?

2020-இல் டிலன் தன் பாட்டுகளின் உரிமையை யுனிவர்சல் கம்பெனிக்கு விற்றபோது 600-க்கு மேல் என்றுதான் செய்தி வந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அறுபது வருடத்துக்கு அறுநூறு என்றால் வருடத்துக்குப் பத்து. ஒரு எல்பி இசைத்தட்டு அளவு. நல்ல உழைப்பாளியின் கணக்குதான், அசுரக் கணக்கு இல்லை. அவரிடம் அசுர வேகம் இருந்த காலம் ஒன்று உண்டு. 1965 மார்ச்சிலிருந்து 1966 ஜூனுக்குள் மூன்று ஆல்பம், அதில் கடைசியானது இரட்டைத் தட்டு. மோட்டார் சைக்கிள் விபத்தைச் சாக்காக வைத்து ஊர் கண்ணிலிருந்து ஒதுங்கி, அடுத்த வருடம் வுட்ஸ்டாக் பக்கம் ஒரு வீட்டின் நிலவறையில் நண்பர்களோடு உட்கார்ந்து நூற்றுக்கு மேல் பாட்டு பதிவு செய்தார். பழைய நாட்டுப்பாட்டுகளும் அதில் கலந்திருந்தன. ரெக்கார்டு போடும் எண்ணமே இல்லாமல் பாடியவை. அவ்வளவும் கடைக்கு வர 2014 ஆகிவிட்டது.

கனடாப் பாடகர் லெனார்ட் கோஹன் சொன்ன கதை உனக்கும் தெரியும். பாரிஸில் ஒரு காபிக் கடையில் இருவரும் சந்தித்திருக்கிறார்கள். 'ஹல்லேலூயா'வை எழுத எத்தனை நாள் ஆயிற்று என்று டிலன் கேட்க, இரண்டு வருடம் என்றார் கோஹன். அதுவே குறைத்துச் சொன்னதுதான். பதிலுக்கு டிலனின் ஒரு பாட்டைப் பற்றி இவர் விசாரிக்க, பதினைந்து நிமிடம் என்று பதில் வந்ததாம். நீ இதை டிலனுக்குச் சாதகமாகச் சொல்வாய். நானோ, பதினைந்து நிமிடத்தில் எழுதக்கூடியவர் மீதி நேரமெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தார் என்றுதான் கேட்பேன்.

நீ கணக்கே பார்க்காத விஷயம் ஒன்று இருக்கிறது. ஒருவர் எத்தனை பாட்டு எழுதினார் என்று நாம் எண்ணுவது வெளிவந்ததை வைத்துத்தான். எவ்வளவு வெளிவர வேண்டும் என்பதை முடிவு செய்தது எழுதியவர் மட்டும் இல்லை, ரெக்கார்டு கம்பெனியும்தான். அறுபதுகளில் கம்பெனிகள் பிழிந்து எடுத்தன. பீச் பாய்ஸ் குழு 1963-இல் மூன்று ஆல்பம் போட்டது, மறு வருடம் நான்கு. கிறிஸ்துமஸ் பாட்டுத் தட்டும் கச்சேரித் தட்டும் அதில் அடக்கம். எழுதியதில் பெரும்பங்கு பிரையன் வில்சன் என்கிற ஒரே பையன், இருபத்திரண்டு வயது. அந்த டிசம்பரில் கச்சேரிக்குப் போகும் வழியில் விமானத்திலேயே மனம் உடைந்துபோய், இனி ஊர் ஊராக வரமாட்டேன் என்று நின்றுவிட்டார். 1969-இல் கிரீடன்ஸ் குழுவுக்கு ஜான் ஃபோகர்ட்டி ஒரே வருடத்தில் மூன்று ஆல்பம் எழுதிக் கொடுத்தார், மூன்றிலும் இன்றைக்கும் கேட்கிற பாட்டுகள் இருக்கின்றன. கடைசியில் பாட்டின் உரிமையெல்லாம் கம்பெனியிடம் போயிற்று. எண்பதுகளில் அவர் எழுதிய புதுப் பாட்டு ஒன்று அவருடைய பழைய பாட்டைப் போலவே இருக்கிறது என்று அந்தக் கம்பெனியே கேஸ் போட்டது! தன்னையே திருடிய குற்றம். சாட்சிக் கூண்டில் கிட்டாரை வாசித்துக் காட்டி ஜெயித்தார், பாவம்.

எழுபதுகளுக்கு அப்புறம் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. ஒரு ஆல்பம் போட்டால் அதை வைத்து ஒரு வருடம் ஊர் சுற்ற வேண்டும், வீடியோ வேண்டும், பேட்டி வேண்டும். அடுத்ததைச் சீக்கிரம் கொண்டுவந்தால் முதலாவதின் விற்பனை கெடும் என்று கம்பெனிகள் கையைக் கட்டின. அதிகம் எழுதுவது அங்கே ஒரு குறையாகவே ஆகிவிட்டது. இதில் மாட்டிக்கொண்டவர் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ்.

பிரின்ஸ் பற்றி நீ ஒரே வரியில் கடந்து போயிருக்கிறாய், அதுதான் எனக்குக் கோபம். தன் பெயரில் வருடத்துக்கு ஒன்று கொடுத்தும் தீராமல், ஷீலா இ, தி டைம், தி ஃபேமிலி என்று மற்றவர்களுக்கும் எழுதினார். அதற்கென்று புனைபெயர்கள் வேறு. 1986-இல் கிறிஸ்டோபர் என்ற பெயரில் பேங்கிள்ஸ் குழுவுக்கு அவர் கொடுத்த 'மேனிக் மன்டே' அமெரிக்க ஹிட் பாட்டுப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. முதல் இடத்தை விடாமல் பிடித்து வைத்திருந்தது எது தெரியுமா? பிரின்ஸின் 'கிஸ்'.

அவரிடம் வேலை பார்த்த ஒலிப்பதிவாளர் சூசன் ராஜர்ஸ் சொன்ன ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மினசோட்டாவில் வீட்டு ஸ்டுடியோவுக்குப் ஒலிகளைக் கலக்கும் புது மிக்ஸிங் கன்சோல் வந்திருக்கிறது. அந்த அம்மாள் இன்னும் எல்லாவற்றையும் சோதித்து முடிக்கவில்லை. அதற்குள் பிரின்ஸ் வந்து, கனவில் ஒரு பாட்டு வந்தது, உடனே பதிவு செய்ய வேண்டும் என்கிறார். பதிவு ஆரம்பித்ததும் சூசனுக்கு வயிற்றைக் கலக்குகிறது. கன்சோலுக்கு மின்சாரம் பாதிதான் போகிறது, ஓசையில் மேல் சுருதியே இல்லை, எல்லாம் கம்பளிக்குள் இருந்து வருவதுபோல் கேட்கிறது. நிறுத்தலாமா என்று சொல்ல இடமே கொடுக்காமல் டிரம்ஸ், பேஸ், கீபோர்டு, குரல் என்று ஒவ்வொன்றாக அவரே வாசித்துப் பாடி முடித்துவிட்டார். கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்று சொன்னதோடு சரி. 1987-இல் வந்த இரட்டை ஆல்பத்தில் அப்படியே இடம் பெற்றது. இன்றைக்கு அந்த மந்தம்தான் அந்தப் பாட்டின் அழகு என்கிறார்கள். அந்த ஆல்பத்தை மூன்று தட்டாகக் கொடுத்தவரிடம், இரண்டாகக் குறைத்துக் கொண்டு வா என்று திருப்பி அனுப்பியது அவருடைய ரெக்கார்டு கம்பெனியான வார்னர்.

மீதிச் சண்டை உலகத்துக்கே தெரியும். 1993-இல் பெயரைத் தூக்கிப்போட்டு ஒரு குறியீட்டை வைத்துக்கொண்டது, கன்னத்தில் அடிமை என்று எழுதிக்கொண்டு மேடை ஏறியது, எல்லாம். நான் வெளியிட விரும்புவதை எல்லாம் வெளியிட விடு என்பதும் அந்தச் சண்டையில் ஒரு பெரிய பங்கு. 1996-இல் விடுதலை ஆனதும் முதல் வேலையாக மூன்று சிடி, ஒவ்வொன்றும் சரியாக ஒரு மணி நேரம், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பாட்டு. வஞ்சம் தீர்ப்பதிலும் கணக்கு சுத்தம். 2016-இல் அவர் போன பிறகு அவருடைய பெய்ஸ்லி பார்க் ஸ்டுடியோ கட்டிடத்தின் பெட்டக அறையைத் துளைபோட்டுத் திறந்தார்கள். உள்ளே இருந்தது இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் பிரின்ஸுக்குத்தானே ஓட்டு என்பாய். இல்லை. என் ஓட்டு ராபர்ட் போலார்டுக்கு. யார் அது என்று நீ கேட்பாய் என்று தெரிந்துதான் இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் என்று ஒரு ஊர். அங்கே நாலாம் வகுப்பு வாத்தியார். சாயந்திரமும் சனி ஞாயிறும் நண்பர்களோடு நிலவறையில் பீர் குடித்துக்கொண்டு, நான்கு டிராக் கேசட் ரெக்கார்டரில் பாட்டு. குழுவின் பெயர் கைடட் பை வாய்சஸ். எண்பதுகளில் சொந்தக் காசில் சில நூறு பிரதிகள் அச்சடித்துப் பார்த்தார்கள், யாரும் வாங்கவில்லை. 1994-இல் 'பீ தவுசண்ட்' ஆல்பம் வந்து பெயர் கிடைத்தபோது மனிதருக்கு வயது முப்பத்தாறு. ராக் உலகத்தில் அது ஓய்வு பெறும் வயது, இவர் அப்போதுதான் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வண்டி ஏறினார்.

அடுத்த வருடம் 'ஏலியன் லேன்ஸ்'. 28 பாட்டு, 41 நிமிடம். நாம் ஹாஸ்டலில் இருந்தபோது கடையில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிவு பண்ணுவோமே, அந்த சி-60 கேசட்டில் முழு ஆல்பமும் போட்டு மிச்ச இடத்தில் உன் டிலனுக்கும் ஒரு பாட்டு போடலாம். பீர் செலவைச் சேர்க்காவிட்டால் அந்த ஆல்பத்துக்குப் பத்து டாலர்தான் ஆயிற்று என்பார்கள். ஹெட்போன் மாட்டிக் கேள்: டேப் இரைச்சல் கேட்கும், ஒரு பாட்டு முழுக்கப் பின்னால் யாரோ குறட்டை விடுவது கேட்கும். அதற்கு முந்தைய ஆல்பத்தின் முதல் பாட்டில் கிட்டாரே நடுவில் காணாமல் போய்த் திரும்பி வரும். அழித்துத் திரும்பப் பதிவு செய்யவில்லை. ஒரு மெட்டு பிறக்கும், ஒரு முறை சுற்றும், மறுமுறை சுற்றும் என்று நாம் காத்திருக்கும்போது முடிந்துபோகும். 'கேம் ஆஃப் ப்ரிக்ஸ்' ஒன்றரை நிமிடம்தான். அதில் இருக்கிற மெட்டை வைத்து வேறு யாராவது என்றால் ஒரு கிட்டார் சோலோ, ஒரு சுருதி மாற்றம் எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் இழுத்திருப்பார்கள்.

இப்போது எண்ணிக்கைக்கு வா. அவர் பெயரில் பதிவான பாட்டுகள் 2,000-க்கு மேல். 2017-இல் வந்தது நூறாவது ஆல்பம். வேண்டாம் என்று ஒதுக்கி நிஜமாகவே ஒரு சூட்கேஸில் போட்டு வைத்திருந்த டேப்புகளை 2000-இல் எடுத்து நூறு பாட்டு வெளியிட்டார். ஒவ்வொரு பாட்டுக்கும் இல்லாத ஒரு குழுவின் பெயரைக் கற்பனையாகச் சூட்டி! அதுபோல இன்னும் மூன்று பெட்டி, ஆக நானூறு. கழித்துப்போட்டதே உன் டிலனின் மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு வருகிறது, பார்த்துக்கொள்.

பாதி துண்டு துணுக்குதானே என்று நீ எழுதப்போகும் பதில் எனக்கு இப்போதே கேட்கிறது. ஆமாம், பாதி அப்படித்தான். பத்து கேட்டால் மூன்று நிற்கும், ஒன்று நாள் முழுக்க வாயில் முணுமுணுக்கும். 2,000-இல் பத்தில் ஒன்று என்று வைத்தாலும் இருநூறு ஆயிற்று. லெனனும் மெக்கார்ட்னியும் பீட்டில்ஸில் சேர்ந்து பெயர் போட்டதே சுமார் 180 தான். தரத்தில் இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, அடிக்க வராதே.

வெறும் எண்ணிக்கைதான் அளவு என்றால் எனக்கும் சங்கடம்தான். மாசசூசெட்ஸில் மேட் ஃபார்லி என்று ஒருவர் 20,000-க்கு மேல் பாட்டு ஏற்றி வைத்திருக்கிறார். ஊர்ப் பெயர், ஆள் பெயர், கழிவறை, எதை யார் தேடினாலும் அதற்கொரு பாட்டு. ஸ்ட்ரீமிங்கில் சில்லறை சில்லறையாகச் சேர்ந்து நல்ல வருமானமாம். அவரை ஜெயித்தவராக அறிவிக்க என் மனம் ஒப்பவில்லை. தேடல் பெட்டியை நினைத்து எழுதுவது வேறு, மெட்டு வந்து எழுப்பிவிட்டு எழுதுவது வேறு. இந்தக் கோட்டை எங்கே போடுவது என்று கேட்டால் என்னிடம் சரியான பதில் இல்லை, ஆனால் போலார்டை இந்தப் பக்கம் வைத்துத்தான் போடுவேன்.

சின்னவள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, உங்கள் பட்டியலில் ஒரு பெண் கூடக் கிடையாதா என்றாள். நியாயமான கேள்வி. கரோல் கிங்கைச் சொன்னேன். நியூயார்க் பிராட்வேயில் ஒரு பியானோவும் நாற்காலியும் மட்டும் கொள்ளும் சின்னச் சின்ன அறைகளில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து எழுதிய கூட்டத்தில் ஒருவர் அவர். பக்கத்து அறையில் யார் என்ன மெட்டுப் போடுகிறார்கள் என்பது சுவர் வழியாகக் கேட்கும். பதினெட்டு வயதில், ஷிரெல்ஸ் குழுவுக்காக அவர் மெட்டமைத்த பாட்டு பட்டியலில் முதல் இடம் பிடித்தது. வரிகள் எழுதிய கணவர் அப்போது பகலில் ரசாயனக் கம்பெனியில் வேலை. அமெரிக்கப் பட்டியலின் முதல் நூறுக்குள் நுழைந்த பாட்டுகளில் மட்டும் 118-இல் அவர் கை இருக்கிறது. அப்படிப் பார்த்தால், ஓடிய பாட்டுகளை மட்டும் எண்ணுவோம் என்று நீ விதியை மாற்றினாலும் டிலன் ஜெயிக்கமாட்டார். விதியை மாற்றுவதற்கு முன் யோசித்துக்கொள்.

அமெரிக்க ராக் இசைக்காரர் ஃபிராங்க் ஸாப்பாவைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. 52 வயதில் போய்விட்டார், அதற்குள் அறுபதுக்கு மேல் ஆல்பம், போன பிறகும் வரிசையாக வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் அதில் நிறைய பாட்டே இல்லை, வாத்தியம். உனக்குத்தான் அவர் மேல் அந்தக் காலத்திலிருந்தே ஒரு கண். வாத்தியத்தைப் பாட்டுக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா, அதை மட்டும் காரணத்தோடு எழுது. போலார்டின் இருபது பாட்டை ஒரு பென் டிரைவில் போட்டு உன் மகனிடம் கொடுத்தனுப்புகிறேன், அரை மணி நேரம் கூட ஆகாது, பிசியோ பையன் காலை மடக்கும்போது போட்டுக் கேள். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன்,
முரளி