விளக்கப்படத்தின் தோற்றத்தைத் தரவோடு சேர்த்தே சரிபார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வலைச் செயலிகளில் விளக்கப்படங்களின் நிறம், கோடு, எழுத்து முதலியவற்றை நிரல் வழியே அமைப்பது பற்றித் தமிழில் நான் படித்தவை பெரும்பாலும் படத்தை அழகாக்கும் வழிகளைச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. அந்த அமைப்புகளுள் சில, படம் சொல்லும் செய்தியையே மாற்றிவிடக் கூடியவை என்பதால், தோற்றத்துக்கான நிரலையும் தரவுக்கான நிரலைப் போலவே கண்டிப்புடன் சரிபார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

கோட்டு வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். புள்ளிகளை நேர்கோடுகளால் இணைக்காமல் வளைவாக இணைத்தால் பார்வைக்கு இதமாக இருக்கிறது என்று பலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அடுத்தடுத்த நாள்களின் விற்பனை 40, 0, 0, 35 என்று இருக்கும்போது, அந்த வளைவு இரண்டு பூச்சியங்களுக்கும் இடையே அச்சுக்குக் கீழே இறங்கி, விற்பனை எதிர்மறையாகப் போனதுபோல் காட்டக்கூடும். தரவில் இல்லாத ஒன்றை வரைந்தது ஒரேயொரு தோற்ற அமைப்புதான். விளக்கப்படம் வரைய உதவும் சார்ட்.ஜேஎஸ் நிரலகத்தின் (ஆயத்த நிரல் தொகுப்பின்) இரண்டாம் பதிப்பில், நாம் எதுவும் சொல்லாவிட்டாலும் இந்த வளைவு இயல்பாகவே இருந்தது; 2021இல் வந்த மூன்றாம் பதிப்பு அதை நீக்கி நேர்கோட்டை இயல்பாக்கியது நல்ல முடிவு. வளைவு வேண்டும் என்பவர்களுக்கு, புள்ளிகளின் ஏற்ற இறக்கத்தை மீறாத ‘மோனோடோன்’ முறை அந்நிரலகத்திலும் இருக்கிறது, டி3 என்ற மற்றொரு நிரலகத்திலும் இருக்கிறது. பட்டை வரைபடத்தின் அச்சைப் பூச்சியத்திலிருந்து தொடங்காமல் வெட்டுவதும் இதே வகைப் பிழைதான். அங்கே பட்டையின் நீளமே மதிப்பு என்பதால் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அடுத்தது, தோற்ற விதிகளை எங்கே எழுதுவது என்ற கேள்வி. எஸ்விஜி முறையில் வரையப்படும் படத்தில் ஒவ்வொரு பட்டையும் பக்கத்தின் ஓர் உறுப்பு. வலைப்பக்கத்தின் தோற்ற விதிகளை எழுதும் மொழியான சிஎஸ்எஸ் மூலம் அதைத் தொட முடியும். கேன்வாஸ் முறையில் வரைந்து முடித்தபின் எஞ்சுவது வெறும் பிக்சல்கள் மட்டுமே. நிறத்தை நிரலகத்தின் அமைப்புகள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். புதியவர்கள் கேன்வாஸ் படத்துக்கு சிஎஸ்எஸ் விதி எழுதிவிட்டு நிறம் மாறவில்லையே என்று குழம்புவது இதனால்தான். எஸ்விஜியிலும் ஒரு நுட்பம் உண்டு: நிறத்தைப் பண்புக்கூறாகக் (fill="green" என்பதுபோல்) கொடுத்தால் நடைத்தாளில் (சிஎஸ்எஸ் விதிகளின் தொகுப்பில்) உள்ள எந்த விதியும் அதை மீறிவிடும்; உறுப்பின் உள்நடையாகக் (style="fill: green" என்பதுபோல்) கொடுத்தால் சாதாரண விதிகளால் அதை மீற முடியாது. பின்னாளில் தீம் (பக்கத்தின் மொத்த நிறத்தொகுப்பு) மாற்ற நேரும் என்று தெரிந்தால் முதல் வழியே மேல்.

இருண்ட தீம் வந்த பிறகு இந்தக் கவனக்குறைவு கண்ணுக்கு நன்றாகவே தெரிகிறது. பக்கம் முழுவதும் கறுத்துவிட, படத்தின் அச்சுகளில் உள்ள எழுத்துகள் மட்டும் கரும்பழுப்பாகவே தங்கிப் படிக்க முடியாமல் போகின்றன. நிறங்களை சிஎஸ்எஸ் மாறிகளாக (பெயரிட்ட மதிப்புகளாக) ஒரே இடத்தில் வரையறுத்துவிட்டால் எஸ்விஜி படம் தானாகவே மாறிக்கொள்ளும். கேன்வாஸ் படத்துக்கு, தீம் மாறும்போதெல்லாம் அந்த மாறிகளின் புதிய மதிப்பைப் படித்து மீண்டும் வரையச் சொல்ல வேண்டும். எழுத்துருவுக்கும் இது பொருந்தும்: வலை எழுத்துரு இறங்கி முடியும் முன்பே கேன்வாஸில் வரைந்துவிட்டால், பின்னர் அது வந்து சேர்ந்தாலும் படத்தில் பழைய எழுத்துதான் நிற்கும்.

நிறத்தேர்வில் நிறுவனத்தின் அடையாள வண்ணங்களுக்குக் கொடுக்கும் முதன்மையைப் படிப்பவரின் கண்ணுக்கு யாரும் கொடுப்பதில்லை. வலைப்பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வழிசொல்லும், 2018இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.1 நெறிமுறை, படத்தைப் புரிந்துகொள்ளத் தேவையான பகுதிகளுக்கு அருகிலுள்ள நிறத்தோடு குறைந்தது 3:1 ஒளிர்வு வேறுபாடும், சாதாரண அளவு எழுத்துக்கு 4.5:1 வேறுபாடும் வேண்டும் என்கிறது. நிறத்தை மட்டுமே நம்பிச் செய்தி சொல்லக் கூடாது என்றும் சொல்கிறது. லாபத்துக்குப் பச்சை, நட்டத்துக்குச் சிவப்பு என்று இரண்டு கோடுகள் வரைந்தால், அந்நிறங்களைப் பிரித்தறிய இயலாதவருக்கு இரண்டும் ஒன்றே. ஒன்றைப் புள்ளிக்கோடாக்கி, கோட்டின் முனையிலேயே பெயரை எழுதிவிட்டால் போதும்; சில வரி நிரல்தான். அறிவியல் உலகில் பரவலாகப் பயன்படும் மேட்பிளாட்லிப் என்ற வரைபட நிரலகம் கூட, வானவில் நிறவரிசையைக் கைவிட்டு, ஒளிர்வு சீராக ஏறும் விரிடிஸ் வரிசையை 2017இல்தான் இயல்பாக்கியது. இவ்வளவு காலம் ஆனது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆகவே வலைச் செயலிகளை உருவாக்கும் குழுக்களுக்கு என் வேண்டுகோள் இது: விளக்கப்படத்தின் நிறம், வளைவு, அச்சின் எல்லை ஆகியவற்றைத் தொடும் எந்த நிரல் மாற்றத்தையும், வடிவமைப்பாளரோடு அந்தத் தரவுக்குப் பொறுப்பானவரும் பார்த்து ஒப்புதல் அளித்த பிறகே வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
வலைச் செயலி நிரலர் ஒருவர்