முதல் வண்டி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே சுகம். ஜிம்முக்கு ஒரு வருஷப் பணத்தைக் கட்டிவிட்டு நீ பதினோரு நாள்தான் போனாய் என்பதை அம்மா இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறாள். "மோட்டிவேஷனே வரமாட்டேங்குதுப்பா" என்றாய். அப்போதே பதில் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். அதனால்தான் கடிதம்.

பணம் போனால் போகட்டும். 34 வயதில் மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c) 6.1 வந்திருப்பதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. 5.7 வந்தாலே எல்லையில் நிற்கிறோம் என்று அர்த்தம், 6.5 ஆனால் வியாதி. உன் தாத்தாவுக்கு இருந்தது, எனக்கும் இருக்கிறது. சொத்து என்று வேறு எதுவும் பெரிதாக நான் சேர்க்கவில்லை.

இருபத்தெட்டு வருஷம் பஸ் கண்டக்டராகத் தோளில் பையோடு நின்றவன் நான். ஆடி மாதத்தில் அழகர்கோவில் வண்டியில் பின்படியிலிருந்து முன்படிக்குப் போய்ச் சேர்வதற்குள் சட்டை பிழிகிற மாதிரி ஆகிவிடும். அதை உடற்பயிற்சி என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டர் நினைத்திருக்கிறார். மாடி பஸ்ஸில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், கண்டக்டர் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குகிறார். இரண்டு பேருடைய இதயத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து 1953இல் எழுதினார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் வயதான பிறகு, லேசாக வந்தது. அப்புறம் யூனிஃபார்ம் பேண்ட் அளவையும் எடுத்துப் பார்த்தால், டிரைவர்களுக்கு வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே இடுப்பு பெரிதாம்! அதனால் எல்லாப் புகழும் படிக்கட்டுக்கு என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் இதைப் படித்த அன்று, எங்கள் டிப்போ டிரைவர்களை நினைத்து நான் சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

அந்தச் சிரிப்பு எனக்கே திரும்பியது. ரிட்டயர் ஆன முதல் வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்பது கிலோ ஏறினேன். சர்க்கரை 8.4. டாக்டர் பயமுறுத்தினார். புது ஷூ வாங்கிக்கொண்டு தெப்பக்குளத்தைச் சுற்றப் போனேன். நாலே நாள். ஐந்தாவது நாள் மழை, ஆறாவது நாள் மழையில்லை, ஆனாலும் போகவில்லை. நீ வாங்கி அனுப்பிய கடிகாரம் "எழுந்து நட" என்று கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தது. கழற்றி மேஜை டிராயரில் போட்டேன். (உன்னிடம் சார்ஜ் நிற்கவில்லை என்று சொன்னது பொய்.)

ஒரு நாள் விடியற்காலை தூக்கம் வராமல் படுத்திருந்தபோது டிப்போ பக்கம் ஹாரன் கேட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு செருப்போடு நடந்தேன். வாசல் டீக்கடையில் நின்றேன். 5.10 வண்டி வெளியே வந்தது. உள்ளே இரண்டு பூக்காரம்மாக்கள், கூடைகள், ஒரு பையன், அவ்வளவுதான். கண்டக்டர் டபுள் விசில் கொடுத்தான். அந்தச் சத்தத்தில் எனக்கு என்ன ஆனது என்று எழுதத் தெரியவில்லை. மறுநாளும் போனேன். போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம். வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமாக நடந்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு எனக்கு நாலு நாளில் முடிந்துவிடும். "நடக்கப் போறாரா, டீ குடிக்கப் போறாரா" என்று அம்மா கேட்பாள். டீ குடிக்கத்தான், சர்க்கரை இல்லாமல். இப்போது 7.1.

நான் சொல்ல வந்தது இதுதான். டாக்டர் சொன்ன காரணம் சரியான காரணம், ஆனால் அது என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பவில்லை. எழுப்பியது ஒரு ஹாரன். வெளியே சொன்னால் அசட்டுத்தனமாக இருக்கும், இருக்கட்டுமே. மனசு வரட்டும் என்று காத்திருந்தாய் அல்லவா? ஆள் ஏறட்டும் என்று 5.10 வண்டி நின்றதே இல்லை. காலி வண்டியானாலும் எடுக்க வேண்டும், வழியில் ஏறுவார்கள். நடுவில் ஒரு டிரிப் கட் ஆனால் ரூட்டையே ரத்து செய்யவும் மாட்டார்கள். லண்டனிலேயே இன்னொரு ஆய்வு: ஒரு காரியம் பழக்கமாகச் சராசரியாக 66 நாள் ஆனது, சிலருக்கு 18, சிலருக்கு 254 என்று கணக்கு போட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டதால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லையாம். நீ பன்னிரண்டாம் நாளே கடையைக் கட்டிவிட்டாய்.

உனக்கு ஜிம் ஒத்துவராது என்று எனக்குத் தோன்றுகிறது. கண்ணாடிக்கு முன்னால் நின்ற இடத்திலேயே ஓடுகிற பிள்ளையா நீ? ஏழாவது படிக்கும்போது வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் என்று போய் மூன்று மணி நேரம் கழித்து வருவாய். எங்கே போனாய் என்றால், "சும்மா, அந்த ரோடு எங்க முடியுதுன்னு பார்த்தேன்" என்பாய். கடைக்காரரிடம் பாக்கியை நான்தான் கட்டுவேன். புனேயில் அந்த மாதிரி எந்த ரோடும் இல்லையா? மாப்பிள்ளையைக் கூப்பிடாதே, அவர் தூங்கட்டும். துணைக்கு ஆள் வந்தால் அவருக்காக நிற்க வேண்டியிருக்கும்.

சைக்கிளுக்கு ஐயாயிரம் அனுப்பச் சொல்லி அம்மா நச்சரிக்கிறாள். மீதியை நீ போட்டுக்கொள். கியர் எல்லாம் வேண்டாம் என்பது என் கருத்து, உன் இஷ்டம்.

விடியற்காலையில் ஃபோன் பண்ணுவதென்றால் 5.10க்குப் பண்ணு. நான் டீக்கடையில்தான் இருப்பேன், விசில் உனக்கும் கேட்கும்.

அன்புடன்,
அப்பா