தராசை மைதானத்திலிருந்து எடுங்கள்: மலையகப் பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலையகப் பாடசாலைகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும், வலயக் கல்விப் பணிமனைகளில் விளையாட்டைப் பொறுப்பாகப் பார்க்கும் சேர்மார், மிஸ்மாருக்கும் வணக்கம்.

வலய மட்டப் போட்டி நெருங்கினால் எங்கள் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பிள்ளைகள் சாப்பாட்டைத் தள்ளிவைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். குத்துச்சண்டை, ஜூடோப் பிள்ளைகள் நிறைப் பிரிவுக்குள் நுழைவதற்காக. வலைப்பந்துப் பிள்ளைகளுக்கு நிறைப் பிரிவே கிடையாது, இருந்தும் "இந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படி ஓடுவாய்" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டதற்காக. என் மகள் வலைப்பந்து. மத்தியானச் சாப்பாட்டை நிறுத்தினாள், கொஞ்ச நாளில் மாதவிடாயும் நின்றது. பாடசாலையின் பெயரோ ஆளின் பெயரோ சொல்லப் போவதில்லை. இது ஒரு ஆளின் குணம் இல்லை, மலை முழுக்க இருக்கிற பழக்கம்.

மாதவிடாய் நின்றால் "பயிற்சி அப்படி, போகப் போகச் சரியாகும்" என்கிறீர்கள். சரியாகாது. செலவழிக்கிற சக்திக்கு ஈடாகச் சாப்பிடாத விளையாட்டுக்காரருக்கு ஹோர்மோன் குழம்பும், எலும்பு பலவீனப்படும், காயம் ஆற நாளாகும் என்று சர்வதேச ஒலிம்பிக் குழுவே 2014-இல் நிபுணர்களை வைத்து அறிக்கை விட்டது. பதின்ம வயது, எலும்பு வலுச்சேர்க்கிற வயது. அந்த நேரத்திலா பட்டினி?

நிறை குறைக்கிற கதை அதைவிட மோசம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் இறுதிப் போட்டி வரை வந்து, அன்று காலை 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் காட்டியதால் வெளியேற்றப்பட்டதை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இரவெல்லாம் வியர்த்து, தலைமுடியைக்கூட வெட்டிப் பார்த்தார்கள். அவர் பக்கத்தில் மருத்துவரும் ஊட்டச்சத்து நிபுணரும் இருந்தார்கள், எங்கள் பையன்களிடம் இருப்பது வியர்க்கப் போடுகிற ஒரு மழைக்கோட்டும் உங்கள் விசிலும்தான். 1997-இல் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் சில வாரங்களுக்குள் இப்படி நிறை குறைக்கப் போய் உயிரை விட்ட பிறகுதான் அங்கே ரப்பர் உடுப்பையும் நீராவி அறையையும் தடை செய்தார்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், குளிரில் தாகம் சரியாகத் தெரியாது. அங்கே தண்ணீர் குடிக்காமல் பொலித்தீனைச் சுற்றிக்கொண்டு ஓடு என்பது பயிற்சியா? உடம்பின் தண்ணீர் இரண்டு சதவீத நிறை அளவு போனாலே ஆட்டம் விழத் தொடங்கிவிடும். அப்புறம் பதக்கம் எங்கிருந்து வரும்?

சரி, மற்றப் பக்கத்துக்கு வருகிறேன். "அதிகப் பருமனும் ஒரு நோய்தானே மிஸ், அவள் நல்லதுக்குத்தான் சொன்னோம்" என்றார் உங்களில் ஒருவர். அமெரிக்க மருத்துவச் சங்கம் 2013-இல் உடற்பருமனை நோய் என்று அறிவித்தது உண்மை. 2025 ஜனவரியில் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு ஒன்று இன்னும் நுணுக்கமாகச் சொன்னது: கொழுப்பு கூடியதால் உறுப்புகளோ அன்றாட நடமாட்டமோ பாதிக்கப்பட்டால் அது நோய், பாதிக்கப்படாவிட்டால் வரக்கூடிய ஆபத்து, அதைக் கண்காணிக்க வேண்டும். உயரத்தையும் நிறையையும் மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்றும் சொன்னது. எனக்கு இந்தப் பிரிப்பு நியாயமாகப் படுகிறது. குண்டெறிதல் பிள்ளையின் தசையையும் கொழுப்பையும் பிஎம்ஐ (உயரத்துக்கு நிறை எவ்வளவு என்கிற கணக்கு) பிரித்துப் பார்க்காது.

இப்போது சொல்லுங்கள், அது நோய் என்றால் நோயாளியை மைதானத்தில் நிறுத்தி ஏசலாமா? சீனி வருத்தக்காரரை (நீரிழிவு நோயாளியை) அப்படிச் செய்வீர்களா? நோய் இல்லை என்றால் அந்தப் பிள்ளையின் இடுப்பளவு உங்களுக்கு எதற்கு? ஏசினால் குறையும் என்பதும் தப்புக் கணக்கு. சாப்பாட்டைக் குறைத்து நிறை இறக்கியவர்களுக்குப் பசியைத் தூண்டும் ஹோர்மோன் ஒரு வருடம் கழித்தும் கூடியே இருந்ததை 2011-இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. உடம்பு இழந்ததைத் திருப்பிக் கேட்கிறது, அது பிள்ளையின் சோம்பல் இல்லை.

எங்கள் பிள்ளைகளின் உடம்பு எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். 2016-இல் நாடு முழுக்க எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் கிட்டத்தட்ட 32. அந்தப் பிள்ளைகள்தான் இப்போது உங்கள் கனிஷ்ட அணிகளில் நிற்கிறார்கள். உயரம் ஏறவில்லை, கையில் கிடைப்பது கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட வெறும் தேத்தண்ணியும், பிஎம்ஐ ஏறாமல் என்ன செய்யும்? ஒரே லயத்தில் இரத்தச்சோகையும் தொந்தியும் சேர்ந்தே இருக்கின்றன.

பெற்றோர் ஏன் உங்களை எதிர்த்துக் கேட்பதில்லை தெரியுமா? சொன்ன கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப் பேர் (பாதிச் சம்பளம்), தண்ணீருக்கும் சாக்குக்கும் நிறையில் கழிப்பது வேறு என்று மடுவத்துத் (கொழுந்து நிறுக்கிற கொட்டகை) தராசின் முன்னால் வாய் மூடி நின்றே பழகிய சனம் நாங்கள். பிள்ளையை நிறுக்கிற தராசையும் அதே மாதிரித்தான் பார்க்கிறோம்.

உடற்தகுதி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓடவிட்டு நேரத்தை எடுங்கள், பாயவிட்டு உயரத்தை அளவெடுங்கள், அதில் தேறாவிட்டால் அணியிலிருந்து நீக்குங்கள், அது நியாயம். (1996 கிரிக்கெட் உலகக் கிண்ண இறுதியில் லாகூரில் வெற்றி ஓட்டத்தை அடித்த எங்கள் பருத்த அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்கவின் இடுப்பை யாரும் அன்றைக்கு அளக்கவில்லை, அது வேறு கதை.)

நிறுக்கத்தான் வேண்டுமென்றால் அறைக்குள், பெண் பிள்ளைகளை ஒரு மிஸ், வாய்விட்டு வாசிக்காமல். எந்த நிறைப் பிரிவு என்பதைப் பிள்ளை வழமையாகச் சாப்பிடுகிற காலத்தில், தவணைத் தொடக்கத்திலேயே தீர்மானியுங்கள், போட்டிக்கு முதல் வாரம் இல்லை. நிறை அதிகம், குறைவு, மாதவிடாய் நின்றது, எதுவானாலும் பெற்றோருக்கு ஒரு துண்டுக் கடிதம் கொடுத்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்புங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனை எப்படியும் வருகிறது, அந்தப் பதிவை நீங்களும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இதைப் பற்றிப் பேச வலயப் பணிமனைக்குக் கூப்பிட்டால் நாலைந்து பெற்றோர் சேர்ந்து வருவோம். பத்தாம் திகதி மட்டும் வைத்துவிடாதீர்கள், அன்றைக்குச் சம்பளம்.

இப்படிக்கு,
தோட்டத்து முன்பள்ளி ஆசிரியை ஒருவர், ஹட்டன் பக்கம்